கூகிளுக்குப் பிழை இருக்கலாம், உங்கள் கெஸ்ட் ஹவுஸுக்கு?

திருகோணமலையில் வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பிமாரிடம் "சைட்டின் குறியீட்டை வலிடேட்டரில் (பிழை தேடும் கருவியில்) போட்டுப் பார்த்தீரா?" என்று கேட்டால் வரும் பதில் இதுதான்: "கூகிளைப் போட்டாலே பிழை காட்டுது அண்ணா, எங்கட சைட்டுக்கு மட்டும் என்னத்துக்கு?"

பொய்யில்லை. கூகிளின் முகப்பு பல வருடங்களாகவே அந்தச் சோதனையில் தேறுவதில்லை. அதற்காக யாரும் கூகிளை விட்டுப் போகவும் இல்லை. ஆனால் அதை வைத்து "அப்ப எப்படி எழுதினாலும் சரி" என்று முடிவு கட்டுகிறார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பக்கங்கள் உடையாமல் நிற்பதற்குக் காரணம் பிரவுசர். முன்பு பிழையான எச்டிஎம்எல்லை (வெப் பக்கம் எழுதும் குறியீட்டு மொழியை) ஒவ்வொரு பிரவுசரும் தன் பாட்டுக்கு ஊகித்துத் திருத்தியது. 2000இல் வந்த அதன் கண்டிப்பான வகை, எக்ஸ்எச்டிஎம்எல், நேர் எதிர். அதை முறைப்படி எக்ஸ்எம்எல் என்ற கறாரான வடிவில் அனுப்பினால், ஒரு டாக் (ஒரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறி) மூடாததற்கே பக்கம் அந்த இடத்தோடு நின்று பிழைச் செய்தி வரும்; சில பிரவுசர்களில் அந்தச் செய்தி மட்டுமே மிஞ்சும். அந்தக் கெடுபிடி எடுபடவில்லை. அதன் இரண்டாம் பதிப்பு வேலையை 2009இல் கைவிட்டார்கள். (சோதனையில் தேறியதைக் காட்ட பக்கத்தின் அடியில் 'வேலிட்' பட்டன் ஒட்டிப் பெருமைப்பட்ட காலம் ஞாபகம் இருப்பவர்கள் கை தூக்குங்கள்.) எச்டிஎம்எல்5தான் பிழையான குறியீட்டை எப்படி வாசிப்பது என்பதையும் படிப்படியாக விதித்தது. இன்று எல்லாப் பிரவுசரும் ஒரே பிழையை ஒரே மாதிரித்தான் திருத்துகின்றன.

ஆனால் பிரவுசர் திருத்துவது விதிப்படி. நீங்கள் நினைத்தபடி அல்ல.

உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸின் தளம். புக்கிங் ஃபோர்முக்கு நடுவே, எங்கிருந்தோ கொப்பி பண்ணிய "ஈமெயில் தாருங்கள்" பெட்டியையும் அதன் ஃபோர்மோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். ஃபோர்முக்குள் ஃபோர்ம் ஆகாது. பிரவுசர் என்ன செய்யும்? உள்ளே இருப்பதன் தொடக்க டாக்கைத் தூக்கி எறியும். அதன் முடிவு டாக்கை வெளி ஃபோர்மின் முடிவாக எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருந்த திகதி, போன் நம்பர், 'புக்' பட்டன் எல்லாம் எந்த ஃபோர்மிலும் சேராமல் அநாதை. அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பக்கம் மட்டும் பார்க்க அழகாக இருக்கும். சீசன் நேரம் வேறு. முதலாளி "இந்த முறை வெள்ளைக்காரர் வரத்துக் குறைவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வலிடேட்டர் இதை ஒரே வரியில் சொல்லியிருக்கும்.

பெரிய தளங்களில் இப்படி ஒன்று நடந்தால் உடனே பிடிக்க ஆட்களும் தானியங்கிச் சோதனைகளும் இருக்கின்றன. நம் கெஸ்ட் ஹவுஸுக்கு யார் இருக்கிறார்?

அதற்காகப் பிழை எண்ணிக்கையைப் பூச்சியமாக்க இரவெல்லாம் முழித்திருக்கச் சொல்லவில்லை. பராகிராப், லிஸ்ட் ஐட்டம் டாக்குகளை மூடாமல் விடுவது பல இடங்களில் பிழையே இல்லை. அதைக் காட்டிச் சிரிப்பவர்கள்தான் விதியை வாசிக்கவில்லை. மறுபக்கம், சோதனையில் தேறிய பக்கமும் உதவாமல் போகலாம். கோணேசர் கோயில் படத்துக்கு மாற்றுரையாக (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதைச் சொல்லும் வரியாக) 'படம்1' என்று எழுதினாலும் வலிடேட்டர் விட்டுவிடும். பார்வையற்ற ஒருவருக்கு அதில் என்ன பயன்? தமிழ்ப் பக்கத்தின் மொழியை டெம்ப்ளேட்டில் இருந்தபடி ஆங்கிலம் என்றே விட்டால், திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். எண்ணிக்கையைப் பார்க்காமல், எந்தப் பிழை ஆளைத் தடுக்கிறது என்று பார்த்தால் போதும்.

"குறியீடு சரியாக இருக்கவேண்டும் என்பதை அணுகல்தன்மை விதிகளிலேயே தூக்கிவிட்டார்களே" என்று யாராவது கொமென்டில் வருவீர்கள், தெரியும். மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்தவென்று வகுத்த அந்த விதிகளின், 2023 ஒக்டோபரில் வந்த பதிப்பான டபிள்யூசிஏஜி 2.2இல் குறியீட்டு ஒழுங்குக்கான 4.1.1 விதி நீக்கப்பட்டது உண்மை. பிரவுசர்கள் தாமே திருத்துவதால் அது தேவையற்றுப் போயிற்று. ஆனால் ஒரே ஐடியை (பெட்டியை அடையாளம் காட்டும் குறிப்பெயரை) இரண்டு பெட்டிகளுக்குக் கொடுத்து, அதனால் இரண்டாவது பெட்டி திரைவாசிப்பானுக்குப் பெயரில்லாமல் நின்றால், அது இன்னொரு விதியில் இன்றும் தோல்விதான்.