வால்வோ 240 எஸ்டேட்டுக்குச் செடான் ஸ்பிரிங் வேண்டாம்

வால்வோ 240 காரில் செடான் என்பது பின்னால் தனி டிக்கி உள்ள வடிவம்; எஸ்டேட் என்பது கூரை பின்கடைசி வரை நீளும் வடிவம். "வால்வோ 240 செடானுக்கான, வண்டி உயரத்தைத் தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கையும் எஸ்டேட்டில் அப்படியே போடலாம், அளவு ஒன்றுதான்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். முன்பக்கத்துக்கு அது பெரும்பாலும் சரி. பின்பக்கத்துக்குச் சரியே அல்ல. பொருந்துவது வேறு, சுமை தாங்குவது வேறு.

எஸ்டேட் சாமான் ஏற்றவே செய்த வண்டி. பின்பகுதி எடையும் கூடுதல். அதனால்தான் அதன் பின் ஸ்பிரிங்குகள் செடானுடையதைவிட விறைப்பானவை. செடான் ஸ்பிரிங்குடன் வண்டி காலியாக நிற்கும்போது அழகாகத் தெரியும். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறியதும் பின் அச்சு ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்த நிலையில் வளைவில் ஒரு மேடு வந்தால் சக்கரம் சட்டென்று பிடி இழக்கும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் இப்படிச் சோதித்துப் பார்க்காதீர்கள். பின்பக்கம் அமிழ்வதால் முகப்பு விளக்கும் மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டினால் உயரம் மட்டுமே குறையும் என்பதும் தவறு. அழுந்தி விரியும் பத்துச் சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு சுமார் 11 சதவீதம் கூடும்.

எஸ்டேட்டுக்கென்றே விற்கும் பின் ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள். தாழ்த்தியதும் பான்ஹார்ட் கம்பி (பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் வண்டி உடலோடு பிடித்து வைக்கும் கம்பி) பின் அச்சைச் சற்றே ஒரு பக்கம் தள்ளும். நீளத்தை மாற்றக்கூடிய கம்பிக்கும் செலவில் இடம் வையுங்கள்.