ஃபிக்ஸட் ரேட் முடியும் முன்பே புது டீல் எடுத்தால் அபராதமா?

பிரிட்டனில் மார்ட்கேஜின் (வீட்டுக் கடன்) ஃபிக்ஸட் ரேட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மாறாத வட்டி, முடிவதற்கு முன்பே புது டீலுக்குச் சம்மதித்தால் அபராதம் கட்ட வேண்டும், அதனால் கடைசி நாள் வரை பொறுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது சரியில்லை.

அபராதம், பழைய டீல் முடியும் தேதிக்கு முன்பே கடனை அடைத்தாலோ வேறு டீலுக்கு மாறினாலோதான் வரும். அந்தத் தேதிக்குப் பிறகு தொடங்கும்படி புது டீலை இப்போதே பிடித்து வைத்தால் வராது. 2023 ஜூனில் வந்த மார்ட்கேஜ் சார்ட்டரில் (கடன்காரர்களுக்கு உதவ அரசும் வங்கிகளும் செய்துகொண்ட உடன்பாடு) கையெழுத்திட்ட வங்கிகள், சில மாதம் முன்னதாகவே இதற்கு வழிவிடுகின்றன. பிடித்து வைத்த பிறகு அதே வங்கியில் அதே மாதிரியான டீல் குறைந்த வட்டிக்கு வந்தால், புதியது தொடங்கும் வரை மாற்றிக் கேட்கலாம். சும்மா இருந்துவிட்டால் வங்கியின் எஸ்விஆருக்கு, அதாவது வங்கி தானே அவ்வப்போது மாற்றும் வழக்கமான வட்டிக்கு, போய்விடுவீர்கள். அது பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். அந்தப் பயத்தில்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சரிபார்க்க, உங்கள் மார்ட்கேஜ் ஆஃபர் கடிதத்தை எடுத்து ‘எர்லி ரீபேமென்ட்’ (முன்கூட்டியே அடைப்பது) பகுதியைப் பாருங்கள். அபராதம் எந்தத் தேதி வரை என்று அதிலேயே இருக்கும். சார்ட்டரும், அதில் சேர்ந்த வங்கிகளின் பட்டியலும் அரசு இணையதளத்தில் உள்ளன.