டன் லியரி என்று சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளாது

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. டப்ளினில் இருக்கிற நம் ஆட்கள் எல்லோரும் பார்த்து, சிரித்து, இருக்கிற குரூப்பிலெல்லாம் ஃபார்வர்டும் பண்ணியாச்சு. ரயில் நிலையப் பலகை முன்னால் நின்று "டன் லாவோகெய்ரே" என்று எழுத்துக்கூட்டி, தலையில் அடித்துக்கொண்டு, "இவனுங்களுக்கு ஸ்பெல்லிங்கே தெரியாது மக்களே" என்கிறாரே, அந்தத் தம்பியைத்தான் சொல்கிறேன்.

அயர்லாந்தில், டப்ளினுக்குப் பக்கத்தில் இருக்கிற கடலோர ஊர் அது. பலகையில் Dún Laoghaire என்று இருக்கும், சொல்வது டன் லியரி. அவ்வளவுதான். 'டூன்' என்றால் கோட்டை. பின்னால் இருப்பது ஐந்தாம் நூற்றாண்டு அரசன் ஒருவனின் பெயர். அயர்லாந்தின் புனிதர் செயின்ட் பேட்ரிக் கதைகளில் வருகிற அதே ராஜா. நடுவில் உங்களைப் படுத்துகிற அந்த 'ஜி', 'எச்' ஒரு காலத்தில் ஒலித்து, பேச்சில் தேய்ந்துபோய், எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. ஐரிஷ் பேசுகிறவர்கள் வட்டாரத்துக்கு ஏற்ப டூன் லீரெ, டூன் லேரெ என்பார்கள். பஸ்ஸிலும் கடையிலும் டன் லியரி. 'லி'யில் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். கஷ்டமா?

"இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் இங்கிலீஷ் மாதிரிதானே படிப்போம்" என்று ஒருவர் கேட்டிருந்தார். அது லத்தீன் எழுத்து சார். ஐரிஷ்காரர்கள் அதில் தங்கள் மொழியை 1,200 வருஷத்துக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 635-ல் லிண்டிஸ்பார்ன் தீவில் மடம் கட்டி, வட இங்கிலாந்துக்காரர்களுக்கு எழுத்தறிவித்ததே ஐரிஷ் துறவிகள்தான். இப்போது அவர்கள் போய் இங்கிலீஷிடம் ஸ்பெல்லிங் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அது போகட்டும். தம்பி லெஸ்டரில் படித்துவிட்டு வந்தவர். அதை எழுத்துக்கூட்டினால் லெய்செஸ்டர் என்றுதான் வரும். ஒரு நாளாவது அங்கே பலகை முன்னால் நின்று வீடியோ போட்டீர்களா? போடமாட்டீர்கள். இங்கிலீஷ்காரன் எழுத்தை விழுங்கினால் அது ஸ்டைல், ஐரிஷ்காரன் விழுங்கினால் காமெடி.

எனக்கு உண்மையில் எரிந்தது வீடியோ கூட இல்லை. கீழே ஒரு கமெண்ட். "கிங்ஸ்டவுன்னு அழகா வச்சிருந்தாங்க, எதுக்கு மாத்தினாங்களோ." அதற்கு எத்தனை ஹார்ட்டு!

எதற்கு வைத்தார்கள் என்று தெரியுமா? 1821-ல் பிரிட்டிஷ் ராஜா நான்காம் ஜார்ஜ் அயர்லாந்துக்கு வந்தார். வந்து இறங்கியது இந்த ஊரில்கூட இல்லை, விரிகுடாவுக்கு வடக்கே ஹோத்தில். கிளம்பிப் போகும்போது மட்டும் இங்கே கப்பல் ஏறினார். ராஜா டாட்டா காட்டிவிட்டுப் போன இடம் என்பதற்காக ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கோட்டைப் பெயரைத் தூக்கிவிட்டு கிங்ஸ்டவுன் ஆக்கினார்கள். அதற்கு ஒரு நினைவுத்தூண் வேறு. நான்கு கல் உருண்டைகள்மேல் இன்றும் கடற்கரையோரம் நிற்கிறது. பிக்னிக் போகிறவர்கள் அதன் பக்கத்தில் செல்ஃபி எடுத்திருப்பீர்கள், படித்திருக்கமாட்டீர்கள். 1834-ல் அயர்லாந்தின் முதல் ரயில் டப்ளினிலிருந்து இங்கேதான் ஓடியது. அதுவும் 'கிங்ஸ்டவுன் ரயில்'. தனி நாடு கிடைக்கும்வரைகூட ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. 1920-லேயே பழைய பெயரை மீட்டுக்கொண்டார்கள்.

"பழைய ஸ்பெல்லிங் எதற்கு, ஐரிஷிலேயே எழுத்துச் சீர்திருத்தம் வந்து 'ஜி', 'எச்' போய்விட்டதே" என்று விவரம் தெரிந்த ஒருவர் கேட்டார். உண்மைதான், வந்தது. ஊர்க்காரர்களுக்கு இது பிடித்திருக்கிறது, வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு என்ன?

இன்னொருவர் கோவ் ஊரை இழுத்து வந்தார். டைட்டானிக் 1912-ல் கடைசியாக நின்றுபோன துறைமுகம். அப்போது அது குவீன்ஸ்டவுன். இப்போதைய கோவ் (Cobh) என்கிற பெயரே 'cove' என்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு ஐரிஷ் எழுத்து மாட்டிவிட்டதுதானே, எல்லாம் வேஷம் என்கிறார். அண்ணே, அந்த ஊரைப் பற்றி நான் எழுதவே இல்லை.

வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். மூச்சுத்திணறலோடு ஒரு பாட்டி, ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தது. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. புதிதாக வந்த டாக்டர் சார்ட்டைப் பார்த்து முகவரியை வாசித்தார், அச்சு அசலாக நம் தம்பி வாசித்த மாதிரி. பாட்டி கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். மாஸ்க்கை மெல்ல இறக்கினார். "டன் லியரி" என்றார். மறுபடி மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, மேலே வாசிக்கலாம் என்று கண்ணைக் காட்டினார். நான் ட்ரிப்பைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரும் நல்ல பிள்ளை, திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பாட்டி தலையாட்டும்வரை.

மூச்சைச் செலவழித்துச் சொன்னார் அந்த அம்மா. அதைத்தான் நீங்கள் சிரிப்பு எமோஜி போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

"சும்மா காமெடிக்குத்தானே அக்கா" என்று இன்பாக்ஸில் வந்திருக்கிறது. சரி, காமெடி. ஒரு தடவை காமெடி. பார்க்கிறவர்கள் எல்லாம் நேற்றுதான் விமானத்தில் வந்து இறங்கிய பிள்ளைகள். அவர்கள் அதையே நம்பி, வேலை இன்டர்வியூவில் போய் அப்படியே சொல்வார்கள். அப்போது யார் சிரிப்பார்கள்?

"அக்காவுக்குப் பாஸ்போர்ட் வந்தாச்சு, ஐரிஷ்காரியை விட ஐரிஷ் ஆயிட்டாங்க" என்று இன்னொன்று. போட்டவர் யார் என்று தெரியும். அவர் மனைவியின் பிரசவத்துக்கு விடியற்காலையில் ஃபிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஓடியவள் நான்தான். அப்போது நான் எந்த ஊர்க்காரி என்று அவர் கேட்கவில்லை.

கடைசியாக ஒருவர், "2025 கோடையில் இந்தியர்களை ரோட்டில் வைத்து அடித்தார்களே, அவர்கள் ஊர்ப் பெயருக்கா இப்படி உருகுகிறீர்கள்?" என்றார். உருகவில்லை. அந்தக் கோடையில் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நடந்தவள்தான் நானும். தூதரகம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று அறிக்கை விட்டபோது அம்மா ஊரிலிருந்து அழுதுகொண்டு போன் பண்ணினார். அந்தப் பயத்துக்கும் மாஸ்க்கை இறக்கிய பாட்டிக்கும் என்ன சம்பந்தம்? அடித்தவனைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். கை ஓங்குகிறவனிடம் ஒன்றும் சொல்லாமல், பலகையில் இருக்கிற பெயரிடம் போய் வீரம் காட்டுவானேன்?

பலகை என்றதும் ஞாபகம் வருகிறது. அதே ரயில் பாதையில் பிளாக்ராக் நிலையத்தைப் பாருங்கள், ஐரிஷில் ஒரு பெயர், இங்கிலீஷில் ஒரு பெயர். டன் லியரிக்கு இரண்டுக்கும் ஒரே பெயர்தான். இங்கிலீஷ் பெயர் வேண்டும் என்று தேடினாலும் கிடைக்காது.

தம்பி வீடியோவை எடுக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவர் இஷ்டம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் போஸ்டரில் யாரோ விளையாட்டாக 'கிங்ஸ்டவுன் சந்திப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். இன்று ராத்திரிக்குள் அதை மாற்றுங்கள். இல்லையென்றால் புளியோதரைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சல் ஏற்கெனவே என் ஃபிரிட்ஜில் இருக்கிறது, அங்கேயே இருக்கும்.