கவுன்சிலர் வீட்டுத் திண்ணை

"கவுன்சிலரே வேண்டாம், எல்லாத்தையும் அதிகாரிங்க கையில கொடுத்துட்டா வேலை நடக்கும்"னு போன வாரம் நண்பர் ஒருத்தர் எழுதியிருந்தார். அதைத்தான் ஏற்கெனவே பார்த்தாச்சே! 2016 அக்டோபர்ல கவுன்சிலருங்க பதவிக்காலம் முடிஞ்சுது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல, கவுன்சிலருக்குப் பதிலா அரசாங்கம் போட்ட அதிகாரி, தனி அலுவலர்தான்.

நான் ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரன். ஊர் பேர் வேண்டாம், சண்டைக்கு வருவாங்க. எங்க பக்கம் போர் போட்டா உப்புத் தண்ணி, பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்கிறதுக்குத் திருச்சிப் பக்கமிருந்து காவிரி வரணும். கொண்டுவர்றது குடிநீர் வடிகால் வாரியம். தெருவுக்கு விடுறது உள்ளாட்சி. புதுக்கோட்டை, சிவகங்கை எல்லாம் தாண்டி வந்த தண்ணி, கடைசியில எங்க தெருமுக்குல உடைஞ்ச சிலாப்புக்குக் கீழ இருக்கிற வால்வுகிட்ட நிக்கும். தண்ணி விடுறவர் கம்பியை மாட்டி நாலு சுத்து சுத்தினா கடைசி வீடு வரைக்கும் வரும். ரெண்டோட நிறுத்தினா எங்க குழாய்ல வெறும் காத்துதான்.

2018-ல ஒரு மாசம் ரெண்டு சுத்துதான். மனு கொடுத்தோம். "சார் மீட்டிங்ல இருக்கார்." மறுபடி மனு. தள்ளுவண்டியில குடத்தை அடுக்கிக்கிட்டு பக்கத்துத் தெருவுக்கு அலைஞ்சதுதான் மிச்சம்.

2022-ல திரும்பவும் அதே ரெண்டு சுத்து. பக்கத்து வீட்டு மதினி காலங்காத்தால காலிக் குடத்தோட போய் கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துருச்சு. எங்க வார்டு பெண்கள் வார்டு. பாதி இடம் பெண்களுக்குன்னு ஒதுக்கியும் பதில் சொல்ல வந்தது வீட்டுக்காரர்தான், அது தனிப் பஞ்சாயத்து.

மதினி எந்திரிக்கல. "ஓட்டு உங்களுக்கா போட்டோம் தம்பி? அவளை வரச் சொல்லுங்க."

அந்தம்மா வந்தாங்க, அங்கேயே நின்னு போன் போட்டாங்க. அடுத்த முறை மூணரைச் சுத்து.

எங்க கவுன்சிலர் ஒண்ணும் உத்தமர்னு சொல்லல. இவங்க பதவிக்கு வந்த சூட்டோட, அந்த ஏப்ரல்லயே சொத்து வரியைக் கூட்டுனது கோட்டையில இருக்கிறவங்க. திட்டு வாங்குனது என்னமோ இவங்கதான். எனக்கு அதுல வருத்தமில்ல, திட்டுறதுக்காவது தெருவுக்குள்ள ஒரு ஆள் வேணும்ல? தனி அலுவலர் வீட்டுத் திண்ணை எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

சாக்கடை மட்டும் இன்னமும் நேரா கடலுக்குத்தான் போகுது. அதுக்குத் திண்ணைக்கு எதைத் தூக்கிட்டுப் போறதுன்னு மதினி யோசிச்சுக்கிட்டு இருக்கு.