வளை வாயை மட்டும் அடைத்தால் கரை நிற்காது

கடலூர் வழியே ஓடும் தென்பெண்ணை, கெடிலம் ஆறுகளின் கரைகளில் பெருச்சாளி வளைகளை மணல் மூட்டையால் அடைத்தால் போதும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது போதாது. வாய் அடைபடும், உள்ளே பொந்து அப்படியே இருக்கும். வளை ஒற்றைக் குழாய் அல்ல; கிளை பிரிந்து, நெல் சேர்க்கும் அறையோடு ஓடும். வாயருகே புதுமண் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

வெள்ளத்தில் ஆற்றுப்பக்கம் புகும் நீர் நுண்மண்ணை அரித்துக்கொண்டு வயல் பக்கம் வரும். கசிவு தெளிவாக இருந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது. அப்போது வயல் பக்கம் நீர் பொங்கும் ஊற்றை நேராக அடைக்காதீர்கள், வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் மூட்டை அடுக்கி, கலங்கி வருவது நிற்கும் மட்டம்வரை நீரைத் தேக்கி, தெளிந்ததை வழியவிட வேண்டும்.

நிரந்தர வேலை கோடையில்தான். வளையைக் கடைசிவரை தோண்டி, பக்கங்களைப் படிபடியாக வெட்டி, களிமண் கலந்த ஈரமண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இடிக்க வேண்டும். ஆற்று மணல் வேண்டவே வேண்டாம். வெட்டிய சீமைக்கருவேலத்தின் வேர்க்கட்டையையும் எடுங்கள். மக்கினால் அதுவும் குழாய்தான். சரிவில் வெட்டிவேர் நடலாம், கடலூர்ப் பக்கம் நாற்றுக்குப் பஞ்சமில்லை. விற்பனைக்கென்று வேரைப் பிடுங்கினால் மட்டும் கரை போச்சு.