மொசூலும் ஒரு புல்டோசரும்

ஈராக்கின் மொசூல் நகரை ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பிடமிருந்து மீட்ட சண்டையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனதில் நிற்பது புல்டோசர்தான். கறுப்பு ஹம்வீ ராணுவ வண்டியில் வந்த சிறப்புப் படைக்காரர்கள்கூட அதன் பின்னால்தான் போனார்கள். ஒரு தெருவைப் பிடித்த கையோடு குறுக்குச் சந்துகளை மண்ணைக் குவித்து அடைத்தாக வேண்டும். கொஞ்சம் அசந்தாலும், ஏதோ ஒரு வீட்டில் மறைத்து வைத்திருந்த கார், இரும்புத் தகடு போர்த்தி, வெடிமருந்தோடு பாய்ந்து வரும். ஐ.எஸ். ஆட்கள் வீட்டுக்கு வீடு சுவரில் ஓட்டை போட்டு, தெருவில் தலைகாட்டாமலே நடமாடினார்கள். மேலே சின்ன ட்ரோன் ஒன்று சுற்றி வந்து கையெறி குண்டைப் போட்டுவிட்டுப் போகும்.

இந்த வேலைக்கா அந்தச் சிறப்புப் படையை, அதாவது ஈராக்கின் பயங்கரவாத எதிர்ப்புப் படையை, அமெரிக்கர்கள் பழக்கினார்கள்? இரவில் போ, தேடுகிற ஆளைப் பிடி, விடிவதற்குள் திரும்பு. அதுதான் அவர்களுக்குக் கைவந்த தொழில். 2014இல் வழக்கமான ராணுவம் மொசூலை விட்டு ஓடிய பிறகு, நம்பி அனுப்ப வேறு ஆள் அதிகம் இல்லை. அதனால் 2016 அக்டோபர் 17 அன்று மீட்புப் போர் தொடங்கியபோது, தெருத்தெருவாகப் பிடிக்கும் காலாட்படை வேலை இவர்கள் தலையில் விழுந்தது. அது முடிய 2017 ஜூலை ஆகிவிட்டது. அந்தப் படைக்கு 40 சதவீத இழப்பு என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆவணமே சொல்கிறது. பல வருடம் பழக்கிய ஆட்கள். நெல் அறுக்க வேண்டிய அரிவாளால் மரம் வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, வீரர்கள் பாடு இது. அங்கே குடியிருந்தவர்கள்?

2017 மார்ச் 17, மேற்கு மொசூலின் ஜதீதா பகுதி. ஒரு வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னேற முடியாத அந்தப் பயங்கரவாத எதிர்ப்புப் படை வான்தாக்குதல் கேட்டது. அமெரிக்க விமானம் குண்டு போட்டது. வீடே சரிந்து நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். வீட்டில் ஐ.எஸ். வைத்திருந்த வெடிபொருளும் சேர்ந்து வெடித்தது என்று அமெரிக்கா சொன்னது. அங்கிருந்தவர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. உள்ளே மக்கள் ஒதுங்கியிருந்தது கேட்டவர்களுக்கும் தெரியாது, போட்டவர்களுக்கும் தெரியாது என்றது அமெரிக்க விசாரணை.

உள்ளே இருப்பது யார் என்று உளவுத் தகவல் வந்த பிறகு கதவை உடைக்கப் பழகிய படை அது.