வாள் குறி மட்டும் போதாது

பழைய பீங்கான் பொம்மையின் அடியில் நீல நிறத்தில் இரண்டு வாள்கள் குறுக்காக இருந்தால் அது ஜெர்மனியின் மைசென் ஆலையில் செய்ததுதான் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 1720-களிலிருந்து மைசென் போட்டுவரும் அந்தக் குறியைப் பழைய பீங்கான்களை நகல் எடுத்த பாரிஸின் சாம்சன் நிறுவனம் உட்படப் பலர் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள். அசலில் பெரும்பாலும் குறி, பீங்கானின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சுக்கு அடியில் இருக்கும், நகத்தில் தட்டாது. அப்புறம் பொம்மையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். வாள்களின் மேல் குறுக்கே மெல்லிய கீறல் தெரிந்தால் அது ஆலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது. ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது; இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் கேட்டதால் வந்த வழக்கம் அது. அதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொம்மையின் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.